ஒன்பதங்குல சவுத் பெண்ட்: பழைய லேத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது?

பழைய லேத் ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது "என்ன மேக்?" அடுத்தது "எந்த வருஷம்?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் பாதி விலை மனதுக்குள் முடிவாகிவிடுகிறது. இந்த வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. மேக்கும் வருஷமும் தெரிந்தால் எந்த உதிரி பாகம் கிடைக்கும், எந்தத் திருகு எதில் பொருந்தும், வடிவமைத்தவர்கள் எங்கே சிக்கனம் பிடித்தார்கள் என்பதெல்லாம் தெரியும். அந்த லேத் இன்றைக்கு நேராகக் கடையுமா என்பது தெரியாது. வாங்குபவருக்கு வேண்டியதோ கடைசியில் சொன்னதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு லேத்தை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரில் தயாரான ஒன்பதங்குல 'வொர்க்‌ஷாப்' லேத். சிறிய லேத்துகளில் இவ்வளவு புகழப்பட்டது வேறு அதிகம் இல்லை. புகழ் கூடிய இயந்திரத்தில்தான் விலைக்கும் தகுதிக்கும் இடையே இடைவெளி பெருகும். ஆகவே அளந்து பார்க்க வேண்டிய தேவையும் அங்கேதான் அதிகம்.

சவுத் பெண்ட் லேத் வொர்க்ஸ் 1906-இல் தொடங்கியது. ஜான் ஓ'பிரையன், மைல்ஸ் ஓ'பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் அதைத் தொடங்கினார்கள். 1930களின் பெருமந்தக் காலத்தில், பெரிய லேத் வாங்க வசதியில்லாத பட்டறைகளையும் பள்ளிகளையும் மனதில் வைத்து இந்த ஒன்பதங்குல வகையைக் கொண்டுவந்தார்கள். ஏ, பி, சி என்று மூன்று மாடல்கள். லேத் ஓட்டக் கற்றுத்தரும் கையேடு ஒன்றையும் நிறுவனமே பதிப்புக்கு மேல் பதிப்பாக அச்சிட்டு, தொழிற்பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தது. அந்தக் கையேட்டில் படித்தவர்கள் வேலைக்குப் போனதும் அதே லேத்தைத் தேடினார்கள். புகழில் ஒரு பங்கு இப்படி வந்தது. எல்லாமே இரும்பின் தரத்தால் வந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டின் ஹெர்கஸ், இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸின் பாக்ஸ்ஃபோர்டு இரண்டும் இதே வடிவத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்துச் செய்தன. 1975-இல் தொழிலாளர்களே இந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்கி உரிமையாளர்கள் ஆனார்கள். 1980-இல் அந்த உரிமையாளர்களே வேலைநிறுத்தமும் செய்தார்கள். தொழிலாளர் உடைமை என்றால் என்ன என்று யோசிப்பவர்கள் தனியாகப் படிக்க வேண்டிய கதை அது. இன்று அதே பெயர் ஆசியாவில் தயாராகும் வேறு இயந்திரங்களில் இருக்கிறது. பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

இனி, எதிரே நிற்பது எது என்று கண்டுபிடிக்கும் வேலை.

முதல் குழப்பம் அளவில் வரும். நம்மூரில் லேத்தை பெட்டின் நீளத்தால் சொல்வார்கள்: நாலரை அடி லேத், ஆறடி லேத். ஆங்கிலேயர்கள் பெட்டிலிருந்து சென்டர் வரை உள்ள உயரத்தைச் சொல்வார்கள். அமெரிக்கர்கள் பெட்டுக்கு மேல் சுழலக்கூடிய வட்டத்தின் முழு விட்டத்தைச் சொல்வார்கள். அமெரிக்கர் ஒன்பதங்குலம் என்பதும் ஆங்கிலேயர் நாலரை அங்குலம் என்பதும் ஒரே லேத்தைத்தான். இந்த வகையின் பெட்டுகள் 3, 3½, 4, 4½ அடிகளில் வந்தன. சென்டருக்கும் சென்டருக்கும் இடையே கிடைக்கும் தூரம் முறையே சுமார் 17, 22, 28, 34 அங்குலம். கேட்டலாக் எண்ணின் கடைசி எழுத்து நீளத்தைக் காட்டும்: ஒய் மூன்றடி, இஸட் மூன்றரை, ஏ நான்கு, ஆர் நாலரை. நான்கடி பெட்டைக் குறிக்கும் 'ஏ'யைப் பார்த்துவிட்டு 'ஏ மாடல்' என்று விற்பதும் வாங்குவதும் நடக்கக்கூடிய தவறு. இரண்டும் வேறு வேறு.

சீரியல் எண் பெட்டின் மேலேயே, டெயில்ஸ்டாக் முனையில், முன்பக்கத் தடங்களுக்கு இடையில் அடிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுத்தித் துடைத்தால் தெரியும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நிறுவனம் ஓர் அட்டை எழுதி வைத்தது. என்று, யாருக்கு அனுப்பப்பட்டது என்பது அதில் இருக்கும். போர்க்காலத்தில் வெளியே போனவற்றில் போர் உற்பத்தி வாரியத்தின் ஆணைப்படி செய்தது என்று சொல்லும் சிறு தகடு சிலவற்றில் காணப்படும். அத்தகைய இயந்திரங்களில் பூச்சும் மெருகும் குறைவாக இருக்கலாம். அதைக் குறையாக எண்ணி விலை பேச வேண்டாம்.

மாடலைத் தகட்டை நம்பாமல் உறுப்பை வைத்தே சொல்லிவிடலாம். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே நெம்புகோல்களுடன் கியர்பாக்ஸ் இருந்தால் ஏ. கியர்பாக்ஸ் இல்லாமல், ஏப்ரனில் தானியங்கி ஃபீடுக்கான கிளட்ச் குமிழ் இருந்தால் பி. இரண்டுமே இல்லாவிட்டால் சி. லீடு ஸ்குருவின் நீளத்துக்குச் சாவிப்பள்ளம் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ஏ-யிலும் பி-யிலும் அந்தப் பள்ளம் ஏப்ரனுக்குள் இருக்கும் வார்மைச் சுழற்றும். மரை, த்ரெட் போடும்போது மட்டும் வேலை செய்யும். சி-யில் பள்ளம் கிடையாது. நீளவாக்கு ஃபீடு வேண்டுமென்றாலும் ஹாஃப் நட்டைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சி மாடலில் லீடு ஸ்குருவும் ஹாஃப் நட்டும் அதிகம் தேய்ந்திருப்பதற்கு இதுவே காரணம், அதுவும் ஹெட்ஸ்டாக் பக்கத்தில். பள்ளமில்லாத ஸ்குருவோடு ஏ மாடல் என்று ஒன்று வந்தால் பல இயந்திரங்களைக் கழற்றிச் சேர்த்த கலவை அது.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. பத்தங்குல 'லைட் டென்', ஒன்பதங்குல பெட்டின் மேலேயே உயரமான ஹெட்ஸ்டாக்கை வைத்தது. 'ஹெவி டென்' முழுக்க வேறு; எடையும் விலையும் வேறு. ஒன்பதங்குலத்தின் ஸ்பிண்டில் மூக்கில் 1½ அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை. உள்துளை ¾ அங்குலம். பெரிய துளையுள்ள ஹெவி டென்னின் மூக்கு 2¼ அங்குலம். சக்கைக் கழற்றி வெர்னியரால் அளந்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

அடையாளம் முடிந்தது. விலை பேசும் இடத்தில் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். மதிப்பு இனிமேல்தான் தொடங்குகிறது.

இயந்திரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு முறை வகுத்தவர்களில் முதன்மையானவர் பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர். இயந்திரக் கருவிகளைச் சோதிப்பதற்கான அவருடைய கையேடு 1927-இல் வெளியானது. யூதர் என்பதால் நாஜிகளால் சிறைப்பட்டு, நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்தில் 1949-இல் இறந்தார். அவருடைய முறையில் இரண்டு படிகள் உண்டு. ஓட்டாமலேயே இயந்திரத்தின் வடிவியலை உறுப்பு உறுப்பாக அளப்பது ஒன்று; பிறகு ஒரு துண்டைக் கடைந்து அந்தத் துண்டை அளப்பது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அவர் தந்த வரம்புகள் புது இயந்திரத்துக்கானவை. எண்பது வயதான லேத்தை அந்த வரம்பில் வைத்துத் தோற்றது என்று எழுதுவதில் பயனில்லை. எங்கே விலகியிருக்கிறது, அந்த விலகல் நெடுகிலும் ஒரே சீராக இருக்கிறதா, இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று கேட்பதே பயன் தரும்.

இந்தக் கேள்வி பெட்டைப் பொறுத்தவரை உயிரானது.

ஒன்பதங்குல பெட்டில் மூன்று வி தடங்களும் ஒரு தட்டைத் தடமும் இருக்கின்றன. வெளிப்புற வி இரண்டிலும் சேடில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் வி-யிலும் தட்டையிலும் ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்கின்றன. பெரும்பாலான வேலை சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் சேடில் அங்கேயே முன்னும் பின்னும் ஓடி, வெளித் தடங்களை அந்தப் பகுதியில் மட்டும் அரிக்கிறது. வெட்டின் அழுத்தம் கீழ்நோக்கி முன்பக்கம் இறங்குகிறது. ஏப்ரனின் எடையும் முன்பக்கமே தொங்குகிறது. எனவே முன் வி பின் வி-யைவிட அதிகம் தேயும். இது சவுத் பெண்டுக்கு மட்டும் உரிய நோய் ஆகாது. ஆனால் இதன் பெட் பெரும்பாலும் கடினமாக்கப்படாத வார்ப்பிரும்பு. சுடர் வைத்துக் கடினமாக்கிய பெட் பிற்காலத்தில்தான் விருப்பத் தேர்வாக வந்தது. மணலும் ஆக்சைடு துகளும் எண்ணெயில் கலந்த பட்டறையில் கடினமாக்காத தடம் வேகமாகத் தேயும்.

எவ்வளவு தேய்ந்தால் கெட்டது? இங்கே ஒரு சின்னக் கணக்கு பல வாய்வழக்குகளைத் தீர்த்துவைக்கும். 25 மி.மீ. விட்டமுள்ள தண்டைக் கடைகிறோம். தேய்மானத்தால் சேடில் நேராக 0.1 மி.மீ. கீழே இறங்கிவிட்டது, டூல் முனையும் அதே அளவு இறங்குகிறது. ஆரத்தில் வரும் மாற்றம் 0.0004 மி.மீ. மட்டுமே. எந்தப் பட்டறை மைக்ரோமீட்டருக்கும் அது தெரியாது. இதே 0.1 மி.மீ. முன் வி-யில் மட்டும் தேய்ந்து பின் வி தேயாமல் இருந்தால் கதை மாறிவிடும். இரு தடங்களுக்கும் இடையே 150 மி.மீ. என்றும், டூல் முனை தடத்துக்கு மேல் 115 மி.மீ. உயரத்தில் என்றும் கொள்வோம். சேடில் நம்மை நோக்கிச் சாய்கிறது; டூல் முனை ஏறத்தாழ 0.077 மி.மீ. வேலையை விட்டு விலகுகிறது, விட்டம் 0.15 மி.மீ. கூடிவிடுகிறது. ஒரே தேய்மானம், நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு. பெட்டைப் பார்த்துவிட்டு "இத்தனை தௌ தேஞ்சிருக்கு" என்று ஒரே எண்ணைச் சொல்பவர் எந்தத் திசையில் என்பதைச் சொல்லாதவரை ஒன்றும் சொன்னதாகாது.

இன்னும் ஒரு படி போகலாம். 60 மி.மீ. நீளமுள்ள வேலை முழுவதும் அதே சாய்வுள்ள பகுதிக்குள் விழுந்தால் டேப்பர் வராது. டூல் எங்கும் ஒரே அளவு விலகியிருக்கும். கிராஸ் ஸ்லைடில் அதைச் சரிக்கட்டிவிடலாம். தேய்ந்த பகுதியும் தேயாத பகுதியும் சேருமிடத்தைத் தாண்டிப் போகும் வேலைதான் கெடும். ஆகவே இரண்டு லேத்துகளில் ஒன்றில் 0.1 மி.மீ. தேய்மானம் அரை அடி நீளத்துக்குப் பரவி மெல்ல மறைகிறது, மற்றதில் 0.06 மி.மீ. இரண்டங்குலத்துக்குள் சட்டென்று முடிகிறது என்றால், முதலாவதையே நான் எடுப்பேன்.

இதை வாங்குமிடத்திலேயே அளக்க வழி இருக்கிறது. சவுத் பெண்டின் நான்கு தட அமைப்பே அதற்குக் கை கொடுக்கிறது. டெயில்ஸ்டாக் எப்போதாவதுதான் நகர்த்தப்படும். அதனால் உள் தடங்கள் பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருக்கும். சேடிலை வலது கோடிக்குத் தள்ளிவிட்டு, டெயில்ஸ்டாக்கின் அடிப்பலகையை மட்டும் உள் தடங்களில் வைத்து, அதன்மேல் குறுக்காக ஒரு துல்லிய ரசமட்டத்தை வைத்து, நெடுக நகர்த்திப் பாருங்கள். வரும் மாற்றம் பெட்டின் முறுக்கு. அடிப்பலகையை எடுத்துவிட்டு அதே ரசமட்டத்தைச் சேடிலின் மேல் குறுக்காக வைத்து, அதே இடங்களுக்கு ஓட்டுங்கள். இப்போது வருவது முறுக்கும் தேய்மானச் சாய்வும் சேர்ந்தது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது தேய்மானம் மட்டும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ரசமட்டத்தில், முன் தடம் பின் தடத்தைவிட 0.01 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருந்தாலே குமிழி மூன்று கோடுகள் தாண்டும். விரல் நகத்தைத் தடத்தில் இழுத்து ஹெட்ஸ்டாக் ஓரத்தில் படி தட்டுகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. அது தேய்மானம் உண்டு என்பதைச் சொல்லும். எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லாது.

முறுக்கைப் பிரித்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. மேசையில் ஏற்றிய சிறு லேத்துகளில் பெட் முறுக்கிக்கொள்வது சகஜம். மேசை சமமாக இல்லை, போல்ட்டை இறுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் வரும் டேப்பர் நேர்கோட்டில் வரும். டெயில்ஸ்டாக் பக்கக் கால்களுக்குக் கீழே தகடு வைத்தால் போய்விடும். தேய்மானத்தால் வருவது வளைந்து வரும், தகட்டால் போகாது. டேப்பர் அடிக்கிறது என்பதற்காக மட்டும் லேத்தை ஒதுக்குபவர் நல்ல இயந்திரத்தை இழக்கக்கூடும். அதே குறையை "கால்ல தகடு வெச்சா சரியாயிடும்" என்று விற்பவர் சொல்லும்போது நம்புபவர் கெட்டதை வாங்கக்கூடும்.

பெட்டை கிரைண்டிங் செய்துவிட்டால் புதுசு ஆகிவிடும் என்ற பேச்சு நம் பட்டறைகளிலும் உண்டு. பாதி உண்மை. பெட் நேராகும். சேடில் கீழே இறங்கும்; ஏப்ரனும் இறங்கும்; லீடு ஸ்குருவின் இரு முனைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் ஹாஃப் நட் ஸ்குருவைக் கீழே அழுத்தி வளைக்கத் தொடங்கும். சேடிலின் அடியில் பொருள் ஒட்டி உயர்த்தி, ஸ்கிரேப் செய்து, பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் வேலை முழுமை. அந்த உழைப்புக்கான கூலி, ஒன்பதங்குல லேத் ஒன்றின் விலையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பெரிய லேத்துக்கு இந்த வேலை பொருந்தும். இந்த அளவுக்குப் பொருந்தாது என்பது என் முடிவு.

அடுத்தது ஸ்பிண்டில். இங்கே இந்த லேத்தை நான் மனமாரப் புகழ்வேன். ஒன்பதங்குலத்தில் பந்து பேரிங்கோ ரோலர் பேரிங்கோ இல்லை. மெருகேற்றிய எஃகு ஸ்பிண்டில், ஹெட்ஸ்டாக்கின் வார்ப்பிரும்பிலேயே நேரடியாகச் சுழல்கிறது. இடையில் எண்ணெய்ப் படலம் மட்டும். கேட்பவருக்கு முரட்டுத்தனமாகத் தோன்றும். நல்ல நிலையில் இருந்தால் அந்தப் படலம் தரும் அமைதியை மலிவான ரோலர் பேரிங் தராது. கடைந்த முகம் கண்ணாடிபோல் வரும். அதன் மறுபக்கம், எண்ணெய் நின்றுபோய் ஒருமுறை கோடு விழுந்துவிட்டால் கழற்றி மாற்ற அங்கே எதுவும் இல்லை. ஹெட்ஸ்டாக்கே பேரிங் என்பதால் ஹெட்ஸ்டாக்கே போய்விட்டது என்று பொருள். பாக்ஸ்ஃபோர்டு பின்னாளில் டேப்பர் ரோலர் பேரிங்குக்கு மாறியது. பராமரிப்பில் அலட்சியமான பட்டறைக்கு அதுவே பாதுகாப்பு.

ஸ்பிண்டிலைச் சோதிக்கும்போது சக்கில் டயல் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்பிண்டில் ஆடுகிறது என்று சொல்வது வீண். ஆடுவது சக்காக இருக்கலாம். சக்கைக் கழற்றி மூக்கின் தோளிலும் உள் டேப்பரிலும் டயலை வைக்க வேண்டும். பிறகு துளைக்குள் ஒரு கம்பியை நுழைத்து மேல்நோக்கி நெம்ப வேண்டும். சுமார் 75 பவுண்டு விசையில் தூக்கும்போது டயல் 0.0007 முதல் 0.001 அங்குலம் வரை காட்டினால் இடைவெளி சரி. அதிகம் காட்டினால், பேரிங் மூடிக்குக் கீழே அடுக்கடுக்காக இருக்கும் ஷிம்மில் ஒரு படலத்தை உரித்துச் சரிசெய்யலாம். ஆகவே மூடிக்குக் கீழே ஷிம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். எல்லாவற்றையும் முன்னாள் உரிமையாளர் உரித்துவிட்டிருந்தால் சரிசெய்யும் வழி முடிந்துவிட்டது. அரைமணி நேரம் ஓட்டியபின் ஹெட்ஸ்டாக் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு கூடாது.

ஹெட்ஸ்டாக்கில் பார்க்க வேண்டிய இன்னொன்று பேக் கியரின் பற்கள். இறுகிப்போன சக்கைக் கழற்ற, பேக் கியரையும் போட்டு நேர் பின்னையும் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டுச் சம்மட்டியால் தட்டுவார்கள். பல் உடையும். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். பித்தளை வைத்து ஒட்டி அரம்போட்ட பல் நிறத்திலேயே தெரியும்.

இப்போது விலையை அதிகம் ஏற்றும் விஷயத்துக்கு வருவோம்: ஏ மாடலின் கியர்பாக்ஸ். நெம்புகோலை நகர்த்தினால் போதும், அங்குலத்துக்கு 4 முதல் 224 வரை பல வகை மரைகள் கிடைக்கும். இந்தியானாவில் இருப்பவருக்கு அது உண்மையான வசதி. அவர் தினமும் போடுவது அங்குல மரை. லீடு ஸ்குருவும் அங்குலத்துக்கு 8 மரை கொண்டது. மெட்ரிக் மரையே தினசரித் தேவை என்றால் இந்த வசதி பெரிதாகச் சுருங்கிவிடுகிறது. அங்குல ஸ்குருவிலிருந்து மில்லிமீட்டர் மரை துல்லியமாக வர 127 பல் கொண்ட கியர் தேவை. 127-ஐ 5-ஆல் வகுத்தால் 25.4, அதாவது ஓர் அங்குலத்தின் மில்லிமீட்டர் அளவு. 127 பகா எண் என்பதால் அதற்கு மாற்று கிடையாது. கியர்பாக்ஸ் இருந்தாலும் அந்தக் கியரை வெளியே மாட்டத்தான் வேண்டும். த்ரெட் முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்காமல் ஸ்பிண்டிலைப் பின்னோக்கிச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். மூக்கு மரை போட்ட ஸ்பிண்டில் என்பதால் பின்னோக்கி வேகமாக ஓட்டினால் சக் கழன்றுவிடும் அபாயமும் உண்டு. கியர் மாற்றும் வேலையில் பி மாடல்காரருக்கு இருக்கும் சிரமத்தில் பெரும்பகுதி அப்போது ஏ மாடல்காரருக்கும் இருக்கிறது. கூடுதல் விலை கொடுத்தவர் கொடுத்தது அங்குல உலகத்துக்கு.

பி-க்கும் சி-க்கும் உள்ள வேறுபாடு அப்படிப்பட்டதில்லை. தானியங்கி கிராஸ் ஃபீடு இல்லாமல் ஒரு பெரிய முகத்தைக் கையால் சீராகக் கடைவது எவ்வளவு கடினம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். லீடு ஸ்குருவின் மரையைக் காப்பதும் பி-யின் ஏப்ரன்தான். சி-யை பின்னால் பி-யாக மாற்ற ஏப்ரன், லீடு ஸ்குரு முதலானவற்றைத் தேடிச் சேர்க்கலாம். இந்த வகை ஏராளமாகத் தயாரானதால் உறுப்புகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

வேகத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். தட்டை பெல்ட்டில் ஓடும் ஒன்பதங்குலம் மெதுவாகச் சுழலும் லேத். 25 மி.மீ. எஃகுத் தண்டை கார்பைடு டூல் விரும்பும் நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் கடைய வேண்டுமானால் 1,900 சுற்றுக்கு மேல் வேண்டும். அதே தண்டை எச்.எஸ்.எஸ். டூலால் 30 மீட்டரில் கடைய சுமார் 380 சுற்று போதும். ஆகவே இது எச்.எஸ்.எஸ். லேத். டூலைக் கல்லில் தீட்டத் தெரிந்தவருக்கு இது குறையே இல்லை. இன்சர்ட் மாட்டிப் பழகியவர் இரண்டே நாளில் சலித்துப்போவார். கனமான வெட்டையும் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. தண்டை அறுத்துப் பிரிக்கும் வேலையில் அதிர்ந்து சத்தம் போடும். பெட்டும் சேடிலும் அவ்வளவு எடை கொண்டவை இல்லை. "அந்தக் காலத்து இரும்பு" என்ற வாதத்தை இங்கே ஏற்க முடியவில்லை. பழைய வார்ப்பில் உள் இறுக்கம் தளர்ந்திருக்கும் என்பது சரி. இல்லாத கனத்தை அது சேர்த்துவிடாது, தேய்ந்த தடத்தை நிமிர்த்திவிடாது.

மிச்சமுள்ளவை சிறியவை. கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் அரைச்சுற்று ஆட்டம் இருக்கிறது என்று விலையைக் குறைப்பார்கள். நட்டை மாற்றினால் பெரும்பகுதி போய்விடும், எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் அதுவரைக்கும் வேலை கெடாது. டெயில்ஸ்டாக் சற்றே தாழ்ந்திருந்தால் தகடு வைக்கலாம். புதுப் பெயிண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்ட வேண்டாம். அதற்குள் எண்ணெய்த் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மாறாக, உடன்வரும் உபகரணங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இரண்டு சக், ஸ்டெடி ரெஸ்ட், முழுச் செட் கியர், அவற்றோடு 127 பல் கியரும் வந்தால், தனித்தனியே தேடும்போது அவற்றின் விலை லேத்தின் விலையை எட்டிவிடும்.

கடைசிச் சோதனை ஷ்லெசிங்கரின் இரண்டாம் படி. 40 மி.மீ. தண்டைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களை மட்டும் விட்டு நடுவைக் குறைத்துக்கொண்டு, தீட்டிய டூலால் மெல்லிய வெட்டு ஒன்றை இரண்டு வளையத்திலும் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். ரசமட்டம் சொன்ன சாய்வும் மைக்ரோமீட்டர் சொல்லும் விட்ட வேறுபாடும் ஒத்துப்போனால் நோயை அறிந்துவிட்டோம். ஒத்துப்போகாவிட்டால் ஹெட்ஸ்டாக் திரும்பியிருக்கிறதா, ஸ்பிண்டில் இடைவெளி கூடியிருக்கிறதா என்று மறுபடி தேட வேண்டும்.

இவ்வளவையும் வைத்து என் முடிவு இது. ஒன்பதங்குல சவுத் பெண்ட் நல்ல லேத். கருவி செய்பவர், கடிகாரமும் கேமராவும் பழுதுபார்ப்பவர், மாதிரி இயந்திரம் செய்பவர், தொழில் கற்பவர் ஆகியோருக்கு அதன் புகழ் நியாயமானது. நாள் முழுக்க ஜாப் ஓட்டிக் கூலி எடுக்க வேண்டிய பட்டறைக்கு அது பொருந்தாது, எந்த மாடலாக இருந்தாலும். முறுக்கை எடுத்தபின் 100 மி.மீ. நீளத்தில் விட்ட வேறுபாடு 0.02 மி.மீ.க்குள் இருந்து, ஸ்பிண்டிலில் கோடு விழாமல், மூடியில் ஷிம் மிச்சமிருந்தால் தயங்காமல் வாங்கலாம்; அதற்குச் சந்தை கேட்கும் விலை தகும். 0.05-ஐத் தாண்டினால் உதிரி பாகங்களின் விலைக்கு மேல் தரக் கூடாது. ஸ்பிண்டில் கெட்டிருந்தால் பெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறொரு ஹெட்ஸ்டாக் கையில் இல்லாதவரை வாங்கக் கூடாது.

மூன்று மாடல்களில் மெட்ரிக் வேலை செய்பவருக்கு என் தேர்வு பி. ஏ-யை வியந்து விலை ஏறுகிறது, சி-யை ஒதுக்கி விலை இறங்குகிறது. நடுவில் இருக்கும் பி-யில் ஏப்ரனின் முழு வசதியும் இருக்கிறது, கியர்பாக்ஸுக்கான கூடுதல் விலை இல்லை. பெட் தேய்ந்த ஏ-யும் பெட் நல்ல சி-யும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சி-யை எடுத்துக்கொண்டு, ஏப்ரனை நிதானமாகத் தேடலாம். பெட் நீளத்தில் மூன்றரை அடி போதும். நாலரை அடி பெட் கிடைத்தால் அதன் வலது பாதி பெரும்பாலும் தேயாமல் இருக்கும் என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம்.